எட்டாம் நம்பர் கால்

மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள் தமயந்தி சிஸ்டர். புண்ணைத் திறக்கும்போது மேலே விசிறி ஓடக்கூடாது, தூசி பறந்து வந்து உட்காரும், இது அவள் சட்டம். பெரிய டாக்டரே உள்ளே நின்றாலும் வியர்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். விசிறி மனசில்லாமல் நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றது. சவரிமுத்துவுக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்த்தது. விசிறி நின்றதால் வருகிற வியர்வை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், பயமெல்லாம் ஒன்றும் இல்லை, ஐம்பத்தேழு வயசில் என்ன பயம், ஒரு விரல்தானே, மிச்சம் ஒன்பது இருக்கிறதே. அப்படி நினைத்து முடிக்கவில்லை, அதற்குள் விரல் போகக்கூடாது, போகவே கூடாது என்று மனசு மாதாவிடம் கெஞ்சியது. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. மூன்று வாரத்துக்கு முன்னால் பெரிய டாக்டர் புண்ணைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் மூணு வாரம் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை நானே வர்றேன். கம்பியை விட்டா எலும்பு தட்டுச்சுன்னா கட்டை விரலை எடுத்துடறதுதான் நல்லது, இல்லேன்னா பாதத்துக்கே வந்துடும்" என்றாரே, அந்தச் செவ்வாய்க்கிழமை. மூன்று வாரமாக எந்த நாளை எண்ணினாலும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டியது. திங்கள் என்றால் நாளைக்குச் செவ்வாய், வெள்ளி என்றால் இன்னும் நாலு நாளில் செவ்வாய். காலண்டரில் அந்தச் சதுரத்தைப் பார்க்காமல் இருக்க ஃபிலோமினா அதன்மேல் ஒரு மாதா படத்தைச் சொருகி வைத்திருந்தாள், பாவம், இப்போது வெளியே பெஞ்சில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சிஸ்டர் தாழ்ந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவருடைய வலது காலைத் தூக்கிச் சாய்பலகைமேல் வைத்தாள். தூக்கும்போது இடது உள்ளங்கை முழுசாகக் குதிகாலின் கீழ் போயிற்று. ஏழு வாரமாகப் பார்க்கிறார், இன்னும் அலுக்கவில்லை. கால் பிடிக்கிற கை எப்படி இருக்க வேண்டும் என்று சவரிமுத்துவுக்குத் தெரியும், வேறு எது தெரியாவிட்டாலும் அது தெரியும். திருச்சி பெரிய கடைவீதியில் ஹபீப் பாயின் ஷூ கடையில் முப்பத்தோரு வருஷம் இதே மாதிரி முக்காலி, இதே மாதிரி சாய்பலகை, என்ன, அங்கே கீழே உட்கார்ந்திருப்பவர் அவர், மேலே கால் நீட்டியிருப்பவர் வாடிக்கையாளர். புதுசாக வேலைக்கு வருகிறவன் அடுத்தவன் காலை விரல் நுனியால் தொடுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான், அப்படிப் பிடித்தால் நீட்டிக்கொண்டிருப்பவனுக்குக் கூசிப் போகும், காலை உள்ளே இழுத்துக்கொள்வான், விற்பனை போச்சு. உள்ளங்கையால் ஏந்த வேண்டும், பெருவிரல் எங்கும் அழுத்தக்கூடாது, அவசரம் தெரியவே கூடாது. இதை அவருக்குக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் ஆயிற்று. அதுவும் சோப்பு போட்டுக் கழுவி, சாக்ஸ் மாட்டிக்கொண்டு வந்த கால்களை வைத்துக்கொண்டு. இந்தப் பெண் பிடிப்பதோ நாறுகிற கால், சீழ் வடிகிற கால், ஈ மொய்த்துக்கொண்டு வந்த கால், ஒரு நாளைக்கு நாற்பது. வெளியே பெஞ்சில் இருக்கிற நாற்பது பேருக்கும் அதே உள்ளங்கைதான். ஒருவரிடமும் அவள் முகம் சுளித்து அவர் பார்த்ததில்லை. சம்பளத்துக்குச் செய்கிற வேலை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சவரிமுத்து சம்மதிக்க மாட்டார், சம்பளத்துக்குக் காலைப் பிடிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

கட்டு சுற்றுச் சுற்றாக வந்தது. வெள்ளைத் துணி, அடுத்த சுற்று, அடுத்தது. நடுவில் கொஞ்சம் பழுப்பு. பஞ்சு. பஞ்சு என்றதும் மனசு அங்கேயே சிக்கிக்கொண்டது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வார்த்தை இப்படித்தான், சோற்றில் கல் மாதிரி அகப்பட்டுக்கொண்டே இருக்கிறது. "பஞ்சு, பாய்." அவர்தான் சொன்னார், அவர் வாயால்தான். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். நல்லதாக எதையாவது நினைக்கலாம். எட்டாம் நம்பர் கால் என்று கடைவீதி முழுக்க அவருக்குப் பெயர் இருந்ததே, அதை நினைக்கலாம். கம்பெனிக்காரர்கள் சாம்பிள் கொண்டுவந்தால் எட்டாம் நம்பரில்தான் கொண்டுவருவார்கள், அவர் காலும் அச்சில் வார்த்த எட்டு, குதிகாலும் மேல்பாதமும் கூடக் குறைய இல்லாமல். பாய் ஷூவைக் கையில் வாங்கக்கூட மாட்டார், "சவரி, போட்டுட்டு வாப்பா" என்பார். சவரிமுத்து போட்டுக்கொண்டு கடைக்குள் முப்பது நடை, மாடிப்படி ஏறி இறங்கி, அப்புறம் அன்றைக்கு முழுக்க அதே ஷூவில் வேலை. சாயங்காலம் தீர்ப்பு. சுண்டு விரலைப் பிடிக்கிறது, குதிகாலில் உரசுகிறது, விளிம்பு குத்துகிறது, வேண்டாம் பாய். அல்லது, பஞ்சு. அவர் கால் பஞ்சு என்றால் பாய் கண்ணை மூடிக்கொண்டு மொத்த லாட்டையும் எடுப்பார், கால் முகம் சுளித்தால் கம்பெனிக்காரன் தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டார். எந்தக் கடையிலும் ஒரு ஆளின் காலுக்கு இவ்வளவு மரியாதை இருந்ததில்லை. அந்தப் பெருமையில்தான் அவர் கொஞ்சம் அசந்துவிட்டார் போலிருக்கிறது.

எப்போது அந்தக் கால் பேசாமல் போயிற்று என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம், மாத்திரை போடுகிறார், சில நாள் மறக்கிறார், கல்யாண வீடு என்றால் ஜாங்கிரி சாப்பிடுகிறார், எல்லோரும் செய்கிறதுதான். முதலில் பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது, பிறகு எரிச்சல், பிறகு எரிச்சல் தானாக நின்றது, அப்பாடா, நல்லாகிவிட்டது என்று ஃபிலோமினாவிடம் சொன்னார். நல்லாகவில்லை, செத்துப் போயிருந்தது. அதற்கப்புறம் வந்த சாம்பிள் எல்லாம் அருமையான சாம்பிள். ஒன்றும் கடிக்கவில்லை, ஒன்றும் உரசவில்லை. இந்தக் காலத்துக் கம்பெனிகள் வேலையில் எவ்வளவு முன்னேறிவிட்டன என்று வியந்து வியந்து ஒவ்வொரு லாட்டாகப் பஞ்சு பஞ்சு என்று பாஸ் பண்ணினார். ஒரு டிராஃபிக் கான்ஸ்டபிள் வாங்கிப்போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தான், குதிகாலில் கொட்டைப்பாக்கு அளவு கொப்புளம், "என்னண்ணே, மனுசன் போடுற ஷூவா இது?" என்றான். சவரிமுத்து சிரித்துக்கொண்டே, "தம்பி, உங்க பாதம் கொஞ்சம் அகலம்" என்றார். ஷூமேல் சந்தேகமே வரவில்லை, ஊரில் எல்லோருக்கும் கால் கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. அப்புறம் அந்தக் கறுப்பு ஷூ. கட்டை விரல் படுகிற இடத்தில் உள்தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு ஆணி மேலே நின்றிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து ராத்திரி கடை அடைக்கும்வரை நின்றார், நடந்தார், படி ஏறினார், "பாய், இது மாதிரி ஒரு ஷூ என் சர்வீஸ்ல போட்டதில்ல" என்றார். வீட்டில் சாக்ஸைத் துவைக்க எடுத்த ஃபிலோமினா, "ஐயோ, என்னங்க இது ரத்தம்?" என்று கத்தியபோதுதான், தன் காலைத் தானே அந்நியன் காலைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்தார். பாயிடம் தெருவில் ஆணி மிதித்துவிட்டதாகச் சொன்னார். இரண்டு வருஷமாகக் கால் பொய் சொன்னது, அன்றைக்கு வாயும் சேர்ந்துகொண்டது.

"காலை அசைக்காதீங்க சார், இப்ப கழுவப் போறேன்" என்றாள் சிஸ்டர். உப்புத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, கிண்ணத்தில் சொட்டியது, காலில் சூடு தெரியவில்லை குளிர் தெரியவில்லை. வீட்டில் அவர் செய்த வைத்தியத்தை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது. மருந்துக்கடையில் நுரைக்கிற மருந்து ஒரு பாட்டில், செம்பழுப்பு மருந்து ஒரு பாட்டில், ஸ்பிரிட் ஒரு பாட்டில். காலை மாலை மூன்றையும் ஊற்றுவார். புண்ணில் பொங்கிப் பொங்கி நுரை வரும், ஆகா, கிருமி சாகிறது என்று பூரித்துப் போவார், எரிச்சலே இல்லையே, எவ்வளவு ஊற்றினாலும் தாங்குகிறதே என்று தன் தைரியத்தை மெச்சிக்கொள்வார். இருபது நாளில் புண் கருத்து, ஓரம் தடித்து, நாற்றம் எடுத்தது. முதல் நாள் இங்கே வந்து அதைப் பெருமையாகச் சொன்னபோது தமயந்தி சிஸ்டர் திட்டவில்லை. "கிருமியைக் கொன்னீங்க சார், சரி. கூடவே புதுசா முளைக்க வந்த தசையையும் கொன்னுட்டீங்க. அதுக்குக் கண்ணு தெரியாது, ரெண்டையும் ஒண்ணாத்தான் அடிக்கும்" என்றாள். பிறகு செத்த தோலைச் சீவி எடுத்தாள். தைராய்டு உண்டா என்று கேட்டாள், அயோடின் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டாள், எல்லாம் கேட்டுவிட்டுத்தான் காப்பித்தூள் நிறத்தில் ஒரு களிம்பைப் பூசினாள். "இதுவும் அயோடின்தான். ஆனா மொத்தமாக் கொட்டாது, கொஞ்சம் கொஞ்சமா விடும். சீழை உறிஞ்சிக்கிட்டு மருந்தை விடும். வேலை முடிஞ்சா தானா வெளுத்துடும், அப்ப மாத்தணும்." ஆர்ப்பாட்டமில்லாத அந்த மருந்தை அன்றைக்கே அவருக்குப் பிடித்துப் போயிற்று. நுரை இல்லை, சத்தம் இல்லை, கட்டுக்குள் இருட்டில் இரண்டு மூன்று நாள் வேலை பார்த்துவிட்டு வெளுத்துப் போய் வெளியே வருகிறது. பூசுகிறவளும் அப்படித்தான் என்று ஃபிலோமினாவிடம் சொன்னார்.

அதே முதல் நாள்தான் அந்த நைலான் நூல் சோதனையும். கண்ணை மூடச் சொன்னாள், நூல் முனையால் பாதத்தில் தொடுவாள், தெரிந்தால் ஆமா என்று சொல்ல வேண்டும். சவரிமுத்து ஆமா, ஆமா, ஆமா என்று கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார், வாடிக்கையாளருக்கு ஆமா போட்டே பழகிய வாய், எட்டாம் நம்பர் காலைக் குறை சொல்ல விட்டுவிடுமா. திடீரென்று, "கண்ணைத் திறங்க சார்" என்றாள். திறந்தால் அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நூல் தட்டில் கிடந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று. அவள் சிரிக்கக்கூட இல்லை. "என்கிட்ட பாஸ் மார்க் வாங்கணும்னு ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, அட்டையில் உணர்ச்சி இல்லை என்று எழுதினாள். அட்டையில் அவள் எழுதுவதில் ஒரு புள்ளி கூடக் குறையாது. வாரம் ஒருமுறை கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்து, அளந்து எழுதுவாள். இரண்டு புள்ளி ஆறு சென்டிமீட்டர். இரண்டு புள்ளி இரண்டு. அப்புறம் மச்சினன் மகள் கல்யாணம் வந்தது. புண்ணுக்கு அடியில் பள்ளம் வெட்டிய தடித்த செருப்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தார்கள். ஷூ கடைக்காரன் அந்தக் கோரத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் எப்படி நிற்பது என்று, சாதாரணச் செருப்பில் நாலு மணி நேரம் நின்றார். மறுவாரம் தாளை வைத்து வரைந்தாள். சவரிமுத்து அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார், கொஞ்சம் உள்ளே தள்ளி வரையக்கூடாதா, ஒரு நூல் உள்ளே வரைந்தால் யாருக்கு என்ன நஷ்டம், நாளைக்கு டாக்டர் பார்ப்பாரே. இரண்டு புள்ளி நாலு. "கூடியிருக்கு சார். நின்னிருக்கீங்க" என்றாள். அன்றைக்கு அவள்மேல் அவருக்குக் கோபமாக வந்தது, வீடு போய்ச் சேருவதற்குள் கோபம் எங்கேயோ போய்விட்டது. அவள் உள்ளே தள்ளி வரைந்திருந்தால் அவர் இன்னொரு கல்யாணத்துக்குப் போயிருப்பார், விரல் அதோடு போயிருக்கும். தன்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகப் பொய் சொல்லாத ஒரு ஆளை வாழ்க்கையில் முதல்தடவை சந்தித்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

அப்படிப்பட்டவளிடம் கட்டுப் போட்டுக்கொள்கிற மனுஷன் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தான்? பாய் போன் பண்ணினார், "தீபாவளிக்குச் சாம்பிள் வந்திருக்கு சவரி. ஆட்டோ அனுப்புறேன், நீ உட்கார்ந்தே பாரு. செவ்வாய் மத்தியானம் கம்பெனி ஆள் வர்றான், ஆமா இல்லன்னு சொல்லணும்." ஆட்டோவில் போனார். வலது காலில் கட்டு. "இடது காலும் எட்டுதானேப்பா" என்று சிரித்தார் பாய். எட்டுதான் பாய், ஆனால் அதுவும் செத்துவிட்டது, சிஸ்டர் அந்தக் காலையும் நூலால் சோதித்து எழுதிவிட்டாள். இதைச் சொல்வதற்குத்தான் போனார், சத்தியமாக அதற்குத்தான், ஆட்டோவில் முழுக்க அந்த வரியைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு போனார். ஆனால் பாய் எல்லோரையும் நகரச் சொல்லி நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், கடைப் பையன்கள் எல்லாம் அண்ணன் வந்துட்டார் என்று சுற்றி நின்றார்கள், காலைப் பற்றிச் சொல்லிவிட்டால் அப்புறம் கடையில் அவர் யார்? சாதாரண சேல்ஸ்மேன், அதுவும் நொண்டி. இடது காலை ஷூவுக்குள் விட்டார், ஊன்றினார், வெறும் தரை, வெறும் காற்று, ஒன்றும் இல்லை. "பஞ்சு, பாய்." பாய் முகம் மலர்ந்தது. இருநூற்று நாற்பது ஜோடி. அதில் எத்தனை ஜோடி சர்க்கரை வந்த கால்களுக்குப் போகும், எத்தனை பேர் கடித்தது தெரியாமல் தீபாவளி முழுக்கச் சுற்றுவார்கள், எத்தனை பேர் வீட்டில் சாக்ஸை எடுத்துப் பார்த்துக் கத்துவார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பெஞ்சுக்கு வந்து சேருவார்கள். இன்றைக்கு மத்தியானம். மணி பதினொன்றரை ஆகியிருக்கும். சரி, முதலில் விரல், அது நிற்கிறதா போகிறதா பார்ப்போம், மற்றது அப்புறம். இப்படித்தான் இரண்டு வருஷமாக அப்புறம் அப்புறம் என்று போய்க்கொண்டிருக்கிறது.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார், வந்ததும் நின்றுபோன விசிறியை ஏறிட்டுப் பார்த்தார், சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். சிஸ்டர் விளக்கைத் திருப்பினாள். மெல்லிய வெள்ளிக் கம்பி, முனை மழுங்கியது. புண்ணுக்குள் போனது. சவரிமுத்துவுக்கு அது போனதும் தெரியவில்லை, எங்கே நிற்கிறது என்பதும் தெரியவில்லை, தன் விரலின் தலையெழுத்தைக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. சிஸ்டர் முகத்தைப் பார்த்தார். அவள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது காலைப் பார்க்கிறவள், இந்த ஒரு காலுக்காக மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். டாக்டர் கம்பியைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு பக்கம் விட்டார். எடுத்தார். "தட்டல. அடியில நல்ல சிவப்பாத் தசை வந்திருக்கு. விரல் இருக்கட்டும்" என்றார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "நல்லா கொண்டு வந்துட்டீங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போனார். சிஸ்டர் மூச்சை விட்டாள், கண்ணாடித் தாளை எடுத்து வைத்து வரைந்தாள், வழக்கம்போல, கோடு எங்கே இருந்ததோ அங்கேயே. "ஒன்று புள்ளி ஐந்து" என்று சத்தமாகச் சொல்லி எழுதினாள். "இன்னும் ஆறலை சார், பாதி வழி. சந்தோஷத்துல நடந்துடாதீங்க." பழுப்புக் களிம்பை எடுத்துப் பூச ஆரம்பித்தாள்.

சவரிமுத்து சந்தோஷப்பட முயன்றார். விரல் இருக்கிறது, ஃபிலோமினாவைக் கூப்பிட வேண்டும், மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். ஆனால் கண் அந்த அட்டையிலேயே நின்றது. ஒன்று புள்ளி ஐந்து. இன்றைக்கு நல்ல நாள், டாக்டரே பாராட்டிவிட்டுப் போன நாள், ஒன்று புள்ளி நாலு என்று எழுதினாலும் யாரும் கேட்கப் போவதில்லை, அவள் ஐந்து என்றுதான் எழுதியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "ஒரு நிமிஷம் பேசிக்கலாமா சிஸ்டர்?" "பேசுங்க, காலை மட்டும் நீட்டி வையுங்க."

"பாய், சவரி பேசுறேன். கம்பெனி ஆள் வந்துட்டானா?"

"இப்பத்தான் வந்து உட்கார்ந்தான். கால் என்னாச்சுப்பா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"விரல் தப்பிச்சிருச்சு பாய். அந்த லாட்டை எடுக்காதீங்க."

"ஏம்ப்பா, பஞ்சுன்னியே?"

"எனக்குக் காலே தெரியல பாய். ரெண்டு காலும். ரெண்டு வருஷமாச்சு. ஆணி ஏறினதுகூடத் தெருவுல இல்ல, நம்ம கடை ஷூவுலதான். நான் பஞ்சுன்னு சொன்னது ஒண்ணையும் நம்பாதீங்க. வேற யாரையாவது போட்டு நடக்கச் சொல்லிப் பாருங்க."

அந்தப் பக்கம் கடையின் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ ஏழாம் நம்பர் கேட்டார்கள், யாரோ அட்டைப்பெட்டியைத் திறந்தார்கள். பாய், "அப்ப அந்தக் கான்ஸ்டபிள்?" என்றார்.

"அதுவும்தான் பாய்."

"இத்தனை நாளா நான் யாரை நம்பி வாங்கினேன் சவரி?"

லைன் கட்டாயிற்று. பாய் வைத்தாரா தானாகப் போயிற்றா, நாளைக்கு அந்தக் கடையில் தனக்கு முக்காலி இருக்குமா இருக்காதா, எதுவும் தெரியாமல் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஐயோ அம்மா என்று முனகினார்கள்.

"காலை ஆட்டாதீங்க சார்" என்றாள் தமயந்தி சிஸ்டர்.

"நான் ஆட்டலையே சிஸ்டர்" என்று குனிந்து பார்த்தார். கால் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது, அவள் சொல்லும்வரை அவருக்குத் தெரியவே இல்லை. அவள் சுற்றிக்கொண்டிருந்த துணியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் காலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். நடுக்கம் நிற்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.